எலுமிச்சைப் புளிப்பும் எவர்சில்வர் அண்டாவும்



கோயிலில் வேல் நுனியிலும் சூலத்தின் நுனியிலும் எலுமிச்சம்பழம் குத்தி வைத்திருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஏன் குத்துகிறார்கள் என்பதைச் சமய வகுப்பு ஆசிரியர்கள் சொல்லட்டும். நான் சொல்ல வருவது அந்தப் பழத்துக்குள் இருக்கும் புளிப்பைப் பற்றி. அதன் பெயர் சிட்ரிக் அமிலம். 1784-இல் ஷீலே என்ற சுவீடன் நாட்டு வேதியியலாளர் எலுமிச்சைச் சாற்றிலிருந்து அதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். இன்று எவர்சில்வரைத் துருவிலிருந்து காக்கும் வேலைக்குத் தொழிற்சாலைகளில் அதைப் பயன்படுத்துகிறார்கள். நாசா கூடக் கென்னடி விண்வெளி மையத்தில், நைட்ரிக் அமிலத்துக்குப் பதிலாக இந்தப் புளிப்பு போதுமா என்று சோதித்துப் பார்த்திருக்கிறது.

ராக்கெட் இருக்கட்டும். நம்முடைய விஷயம் அன்னதான அண்டா.

எங்கள் வட்டாரக் கோயில் ஒன்றில் உபயமாக வந்த புது அண்டாவில், சில மாதங்களிலேயே பழுப்புப் புள்ளிகள் தெரிய ஆரம்பித்தன. உபயக்காரர் குடும்பத்துக்கு மனவருத்தம். "சரக்கு போலிப்பா, கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று ஒரு கட்சி. "காந்தத்தை வெச்சுப் பாருங்க, ஒட்டுச்சுன்னா இரும்பு" என்று இன்னொரு கட்சி. சமையல் பொறுப்பில் இருக்கும் அக்கா மட்டும், "போலியோ அசலோ, இதுல சாதம் வடிக்கலாமா வேண்டாமா? அதைச் சொல்லுங்க தம்பி" என்று என்னிடம் கேட்டார். சரியான கேள்வி அதுதான். இந்தக் கட்டுரை அவருக்குச் சொன்ன பதிலின் நீண்ட வடிவம்.

எவர்சில்வர் ஏன் துருப்பிடிப்பதில்லை?

எவர்சில்வரில் பெரும்பகுதி இரும்புதான். இதைச் சொன்னால் பலருக்கு நம்ப முடிவதில்லை. இரும்போடு குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் சேர்ந்தால் அது 'ஸ்டெயின்லெஸ்' என்ற பெயருக்குத் தகுதி பெறுகிறது. 1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரேர்லி என்பவர் துப்பாக்கிக் குழாய்க்கு நல்ல எஃகு தேடிக்கொண்டிருந்தபோது இந்தக் கலவையின் அருமை தெரிந்தது. நம் வீட்டுச் சட்டி, பானை, டிபன் கேரியரில் நல்ல ரகமாக இருப்பது பெரும்பாலும் 304 என்ற வகை. அதில் சுமார் 18 விழுக்காடு குரோமியம், 8 விழுக்காடு நிக்கல்.

குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, மேற்பரப்பில் ஒரு மெல்லிய ஆக்சைடு படலத்தை உண்டாக்குகிறது. எவ்வளவு மெல்லியது? இரண்டு மூன்று நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாது, கையால் தொட்டு உணர முடியாது. ஆனால் அடியில் இருக்கும் இரும்பைத் தண்ணீரிடமிருந்து காப்பது அதுதான். கீறல் விழுந்தால், காற்றுப் பட்டதும் அந்த இடத்தில் படலம் தானாகவே மறுபடி உருவாகும். சாதாரண இரும்பின் துரு அப்படியல்ல. அது பொருபொருவென்று உதிரும். உதிர்ந்த இடத்தில் அடுத்த அடுக்கு துருவாகும். இப்படியே இரும்பு முழுக்கக் காலியாகிவிடும்.

அப்படியானால் அந்தப் புது அண்டாவுக்கு என்ன ஆனது? தானாக ஆறும் தோல் இருந்தும் ஏன் புள்ளி வந்தது?

அண்டா செய்யும் பட்டறையை மனத்தில் கொண்டுவாருங்கள். தகட்டை வெட்டும் கத்தி, வளைக்கும் அச்சு, தட்டும் சுத்தியல், தேய்க்கும் கம்பி பிரஷ் எல்லாம் சாதாரண எஃகு. அதே மேசையில் சற்று முன்பு இரும்புக் கேட்டுக்குக் கிரைண்டர் போட்டிருப்பார்கள். பறந்த இரும்புத்தூள் எவர்சில்வர் தகட்டில் உட்காரும்; அச்சு அழுத்தும்போது உள்ளே பதியும். அண்டா கடையில் பளபளவென்று நிற்கும். முதல் தடவை கழுவி, ஈரத்தோடு கவிழ்த்து வைத்ததும், பதிந்திருந்த இரும்புத்தூள் துருப்பிடிக்கும். நாம் பார்க்கும் பழுப்பு அந்தத் தூளின் துரு. அண்டாவின் துரு அல்ல. அப்படியே விட்டுவைத்தால் ஆபத்து உண்டு. துருத்துளிக்கு அடியில் ஈரமும் உப்பும் தங்கும், ஆக்சிஜன் சரியாகப் போய்ச் சேராது, படலம் ஆறாது, கடைசியில் அண்டாவிலேயே குழி விழும்.

சித்தாந்த வகுப்பில் ஆணவ மலத்துக்குச் செம்பில் களிம்பை உவமையாகச் சொல்வார்கள். களிம்பு செம்போடு கூடவே இருப்பது, வெளியிலிருந்து வந்து ஒட்டியதல்ல என்பது அங்கே முக்கியமான கருத்து. அண்டாவின் பழுப்போ வந்து ஒட்டியது. ஆகவே அந்த உவமையை இங்கே இழுக்காதீர்கள். தேர்வில் மார்க் போய்விடும்.

காந்தக் கட்சிக்கு ஒரு பதில்

காந்தம் ஒட்டினால் போலி என்பது நம்மவர்களிடம் ஊறிப்போன நம்பிக்கை. அது பாதிதான் உண்மை. 430 என்ற வகையில் நிக்கல் கிடையாது; காந்தம் நன்றாகவே ஒட்டும். ஆனாலும் அதில் 16 முதல் 18 விழுக்காடு குரோமியம் இருப்பதால் அது அசல் ஸ்டெயின்லெஸ்தான். இண்டக்‌ஷன் அடுப்புக்கான பாத்திரங்களின் அடியில் இந்த வகையைப் போடுவார்கள். 304 தகட்டையே ஆழமாக அழுத்தி வளைத்தால், வளைந்த மூலைகளில் லேசாகக் காந்தம் பிடிக்கும். மாறாக, நிக்கல் விலை அதிகம் என்பதால் அதைக் குறைத்து மாங்கனீசு சேர்த்துச் செய்யும் 201 என்ற மலிவு வகையில் காந்தம் ஒட்டாது. ஆனால் 304 அளவுக்கு அது துருவைத் தாங்காது. காந்தச் சோதனையில் அது பாஸ், நல்ல 430 பெயில்! ஆகவே உபயம் வாங்கும்போது கடையில் காந்தத்தை எடுத்து வித்தை காட்டாமல், என்ன கிரேடு என்று கேட்டு, ரசீதில் எழுதி வாங்குவதே மேல்.

புளிப்பு என்ன செய்கிறது?

மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் தனி இரும்பை அமிலத்தால் கரைத்து எடுத்துவிட்டு, குரோமியப் படலம் சுத்தமாக உருவாக வழி விடுவதற்குப் பாசிவேஷன் என்று பெயர். ஒன்றைக் கவனியுங்கள். இது முலாம் பூசுவதல்ல. அமிலம் புதிதாக எதையும் ஒட்டுவதில்லை. தடையை நீக்குகிறது, அவ்வளவுதான். படலத்தைக் கட்டுவது குரோமியமும் காற்றும்.

முன்பெல்லாம் இந்த வேலை முழுக்க நைட்ரிக் அமிலத்திடம்தான் இருந்தது. வேலை சுத்தமாக நடக்கும். ஆனால் நச்சுப் புகை, தோல் பொசுங்கும் ஆபத்து, கழிவை வெளியேற்றும் தலைவலி எல்லாம் கூடவே வரும். சிட்ரிக் அமிலத்துக்கு வேறு ஒரு சாமர்த்தியம் உண்டு. அதன் மூலக்கூறில் மூன்று கார்பாக்சில் தொகுதிகள். கூடவே ஒரு ஹைட்ராக்சில். இவை இரும்பு அயனியைச் சுற்றி வளைத்து, நண்டு கொடுக்கால் கவ்வுவது போலப் பிடித்துக்கொள்ளும். இதைக் 'கிலேஷன்' என்பார்கள். நண்டுக் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். கவ்விய இரும்பு கரைசலிலேயே நிற்கும். திரும்பப் போய் உலோகத்தில் படியாது. குரோமியத்தையும் நிக்கலையும் அது பெரிதாகத் தொந்தரவு செய்வதில்லை. ஆகவே மேற்பரப்பில் இரும்பின் பங்கு குறைந்து குரோமியத்தின் பங்கு ஏறுகிறது. நமக்கு வேண்டியதும் அதுதானே!

ஏ.எஸ்.டி.எம். ஏ967 என்ற அமெரிக்கத் தர ஆவணம் இதற்கு அளவுகள் தருகிறது. எடையில் 4 முதல் 10 விழுக்காடு சிட்ரிக் அமிலம். 60 முதல் 71 டிகிரி செல்சியஸ் சூட்டில் குறைந்தது 4 நிமிடம். 49 முதல் 60 டிகிரியில் 10 நிமிடம். 21 முதல் 49 டிகிரியில் 20 நிமிடம். கடைசி வரியைப் பாருங்கள். குளிர்நாட்டுக்காரர்கள் தொட்டியைச் சூடு பண்ண வேண்டியிருக்கும். நம் ஊரில் குழாய்த் தண்ணீரே அந்த வரம்புக்குள் வந்துவிடுகிறது. வெயிலைத் திட்டிக்கொண்டே இருக்கிறோம், இதற்காவது உதவட்டும்.

இதை நான் கண்ணால் பார்த்தது பல்கலைக்கழக ஆய்வகத்தில். 304 தகட்டில் இரண்டு துண்டுகளை எடுத்தோம். இரண்டையும் சாதாரண எஃகுக் கம்பி பிரஷால் வேண்டுமென்றே தேய்த்தோம். ஒன்றை மட்டும் சிட்ரிக் கரைசலில் ஊறவைத்துக் கழுவினோம். பிறகு இரண்டின் மேலும் அமிலம் கலந்த மயில்துத்தக் கரைசலை 6 நிமிடம் ஈரமாக வைத்திருந்தோம். மயில்துத்தம் என்பது காப்பர் சல்பேட். தனி இரும்பு இருந்தால் அது கரைந்து, அந்த இடத்தில் செம்பு படியும். ஊறவைக்காத துண்டில் பிரஷ் போன தடமெல்லாம் செக்கச்செவேல் என்று கோடு கோடாகத் தெரிந்தது. ஊறவைத்த துண்டு அப்படியே வெள்ளையாக இருந்தது. அதுவரை புத்தகத்தில் படித்துத் தலையாட்டிக்கொண்டிருந்த விஷயம், அந்த ஆறு நிமிடத்தில் மனத்தில் பதிந்துவிட்டது. ஆனால் இந்தச் சோதனையை அண்டாவில் செய்யக் கூடாது. உணவு படும் பரப்புக்கு இது வேண்டாம் என்று அந்தத் தர ஆவணமே சொல்கிறது.

அண்டாவுக்குச் செய்த வேலை

முதலில் எண்ணெய்ப் பசை போக வேண்டும். பசை இருக்கும் இடத்தில் அமிலம் தொடாது. சோப்பும் வெந்நீரும் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் முழுப் பரப்பிலும் விரிப்பு போலப் படிந்து வழிந்தால் சுத்தம். தாமரை இலைத் தண்ணீர் போல முத்து முத்தாக நின்றால் பசை போகவில்லை. மறுபடி கழுவ வேண்டும். இந்தப் படிக்குத்தான் நாங்கள் அதிக நேரம் செலவழித்தோம். தேய்க்க நைலான் நார் மட்டும். இரும்புக் கம்பி நாரைத் தொட்டால் இருக்கிற இரும்பு போதாதென்று நாமே புதிதாகப் பதிக்கிறோம். கோயில் சமையல்கட்டில் அந்தக் கம்பி நாரைப் பார்த்தால் எடுத்துக் குப்பையில் போடுங்கள். பாதிப் பிரச்சினை அன்றே தீரும்.

அமிலத்துக்கு, கேக் செய்யும் பொருள்கள் விற்கும் கடையில் கிடைக்கும் உணவுத்தர சிட்ரிக் அமிலத் தூள் போதும். உணவுப் பாக்கெட்டுகளில் ஈ330 என்று போட்டிருப்பது இதுதான். எலுமிச்சம்பழத்தையே பிழியலாமே என்று ஒரு தம்பி கேட்டான். சாற்றில் ஏறக்குறைய 5, 6 விழுக்காடு சிட்ரிக் அமிலம் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் கூடவே சர்க்கரையும் சக்கையும் பிசுக்கும் இருக்கும். அளவும் பழத்துக்குப் பழம் மாறும். பழத்தைச் சாமிக்கே விட்டுவிடுவோம். தூள் 100 கிராமுக்குத் தண்ணீர் 900 கிராம், அதாவது 900 மில்லி. இது 10 விழுக்காட்டுக் கரைசல். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சாப்பாட்டுப் பொருள்தானே என்று அலட்சியம் வேண்டாம். இந்த அடர்த்தியில் கண்ணில் தெறித்தால் துடிதுடித்துப் போவீர்கள்.

பெரிய அண்டாவை நிரப்பக் கிலோக் கணக்கில் தூள் தேவைப்படும். அதனால் பழைய பருத்தித் துணிகளைக் கரைசலில் நனைத்து, உள்சுவரில் ஒட்டவைத்து, காயாமல் அவ்வப்போது மேலே ஊற்றிக்கொண்டு, ஒரு மணி நேரம் விட்டோம். குறைந்தபட்சம் 20 நிமிடம்தான் என்றாலும், துணி எல்லா இடத்திலும் சமமாக ஒட்டாதல்லவா? பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, புளிப்பு துளியும் இல்லாமல் அலசி, துடைத்து, காற்றோட்டமான இடத்தில் ஒரு நாள் வைத்தோம். சோதிப்பதற்குத் தர ஆவணம் ஒரு மணி நேரம் நனைத்து, ஒரு மணி நேரம் உலர்த்தி, இப்படிப் பன்னிரண்டு முறை செய்யச் சொல்கிறது. யாருக்கு அவ்வளவு பொறுமை? நாங்கள் ஈரத்துணியை இரவெல்லாம் விரித்துவைத்துக் காலையில் பார்த்தோம். உள்சுவரில் ஒரு புள்ளி இல்லை. கைப்பிடி வெல்டிங் பக்கத்தில் மட்டும் இரண்டு இடத்தில் லேசாகப் பழுப்பு.

அந்த வெல்டிங் இடம் தனிக் கதை. வெல்டிங் சூட்டில் நீலமும் பழுப்புமாக ஒரு நிறம் ஏறும். அந்த நிறத்துக்கு அடியில் உள்ள அடுக்கில் குரோமியம் குறைந்துபோயிருக்கும். சிட்ரிக் அமிலம் அதை எடுக்காது. எவர்சில்வருக்கென்றே ஒதுக்கிய புதுத் தேய்ப்புத் தாளால் நிறம் போகத் தேய்த்துவிட்டு, மறுபடி புளிப்பு வைக்க வேண்டும். பட்டறைகளில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கலந்த பசை தடவுவார்கள். அது எலும்பு வரை ஊடுருவித் தாக்கும் விஷம். யாராவது டப்பாவைக் கொண்டுவந்து, "இத தடவினா ஒரு நிமிஷத்துல பளபளன்னு ஆயிடும்" என்று கொடுத்தால் வாங்காதீர்கள். காவடிக் கட்டுக்கு எவர்சில்வர் குழாயில் நீங்களே வெல்டிங் செய்யும் தம்பிமாருக்கும் இதுவே பொருந்தும். அலுமினியக் கட்டாக இருந்தால் புளிப்பே வேண்டாம். அமிலம் அலுமினியத்தை அரிக்கும். நாகம் பூசிய இரும்பும் அப்படித்தான், நாகம் கரைந்துவிடும். பித்தளை, செம்பு, பஞ்சலோகத்துக்கு இந்த வித்தையே பொருந்தாது. திருமேனிகள் பக்கம் போகவே வேண்டாம். அது சிவாச்சாரியாரும் ஸ்தபதியும் பார்க்க வேண்டிய காரியம்.

தைப்பூசத்துக்கு அலகு குத்துகிறவர்கள் என்னிடம் கேட்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "அண்ணே, அலகைப் புளிப்புல ஊறவெச்சா சுத்தமாயிடும்ல?" ஆகாது. பாசிவேஷன் துருவைப் பற்றியது, கிருமியைப் பற்றியதல்ல. அறுவை சிகிச்சைக் கருவிகளுக்கும் பாசிவேஷன் செய்கிறார்கள். அதற்குப் பிறகும் ஒவ்வொரு முறையும் தனியாகக் கிருமி நீக்கம் செய்யத்தான் செய்கிறார்கள். குழி விழுந்த பழைய அலகில், குழிக்குள் அழுக்கு ஒளிந்திருக்கும். தாத்தா காலத்து அலகு என்ற பாசம் புரிகிறது. அதைப் பூஜை அறையில் வைத்துக் கும்பிடுங்கள். நாக்கில் புதியது போகட்டும்.

பிளீச்சைத் தள்ளி வையுங்கள்

இதுவரை சொன்னது அண்டாவின் உயிரைப் பற்றி. இது உங்கள் உயிரைப் பற்றி.

திருவிழாவுக்கு முன் நடக்கும் கோத்தோங் ரோயோங்கில் பிளீச் பாட்டில் இல்லாமல் இருக்காது. தரை, வடிகால், கழிவறை எல்லாவற்றுக்கும் அதுதான். பிளீச்சில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். அதோடு எந்த அமிலம் சேர்ந்தாலும் குளோரின் வாயு கிளம்பும். சிட்ரிக் அமிலமும் அமிலம்தான். முதல் உலகப் போரில் 1915-இல் ஈப்ர நகரத்தருகே போர்வீரர்கள் மீது திறந்துவிடப்பட்ட அதே வாயு. மூடிய சமையல்கட்டில் ஒரு வாளியே ஆபத்து. எலுமிச்சை மணம் நல்லது, பிளீச்சும் நல்லது, இரண்டும் சேர்ந்தால் இன்னும் நல்லது என்று யாராவது கலக்க வந்தால், கூச்சப்படாமல் தடுங்கள், பெரியவராக இருந்தாலும் சரி. "ஐயா, கொஞ்சம் நில்லுங்க" என்று சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. கலந்துவிட்டால் வாளியை விட்டுவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும்.

அண்டாவுக்கும் பிளீச் எதிரிதான். குளோரைடு அந்த மெல்லிய படலத்தை ஊசி குத்துவது போலக் குத்தும். உப்பும் அதே வகை. தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது கல்லுப்பைக் கொட்டினால், அது அடியில் கரையாமல் உட்கார்ந்து அந்த இடத்தில் சிறு குழிகளை உண்டாக்கும். கொதித்த பிறகு போட்டுக் கிளறிவிடச் சொல்லி அக்காவிடம் சொன்னேன். மீந்த ரசத்தை இரவு முழுக்க அண்டாவிலேயே விடுவதும் வேண்டாம். பினாங்கு போலக் கடற்காற்று படும் ஊர்களில் கோயில் கைப்பிடிக் குழாய்களை 316 வகையில் போடுவது நல்லது. அதில் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் இருப்பதால் உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும். புளிப்பில் எத்தனை நாள் ஊறினாலும் 304 ஒருநாளும் 316 ஆகாது. 201 ஒருநாளும் 304 ஆகாது.

அக்காவின் கேள்விக்கு வருகிறேன். அந்த அண்டாவில் சாதம் வடிக்கலாம். வெல்டிங் பக்கத்தைத் தேய்த்து இரண்டாம் முறை புளிப்பு வைத்த பிறகு பழுப்பு திரும்ப வரவில்லை. அன்னதானத்துக்கு இப்போது அதுதான் முதலில் அடுப்பேறுகிறது. உபயக்காரர் அம்மாவிடம் போய், "அசல்தாம்மா, குறையெல்லாம் பட்டறைத் தூசிதான்" என்று சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

வேலை முடிந்து மிஞ்சும் கரைசலில் சமையல் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். நுரைப்பது நின்றதும், நிறையத் தண்ணீரோடு வடிகாலில் ஊற்றலாம். இந்த வேலையைக் கோயிலின் மார்பிள் தரையில் வைத்துச் செய்யாதீர்கள். மார்பிளும் சுண்ணாம்பு வகை. புளிப்பு பட்ட இடமெல்லாம் மினுக்கம் போய் வெள்ளையாகத் திட்டு விழும். அதைச் சரிசெய்யும் வித்தை எவர்சில்வர்க்காரனான என்னிடம் இல்லை. பின்பக்கம் சிமெண்டும் வேண்டாம். புல்தரையில் தடிமனான பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, அதன் மேல் அண்டாவை வையுங்கள்.